கடைமுறைப் படகும் ஒரு ஸ்பானிஷ் சொல்லும்

ஜூலை 6, ஞாயிறு

இன்று எங்கள் படகுக்குக் கடைமுறை. எல்லாப் படகும் வந்த பிறகு கரை சேர்ந்தது. அதற்குள் நான் வேலை செய்கிற மீன் கம்பெனியின் ஐஸ் வண்டி போய்விட்டது. அத்தனை கணவாய் மீனும் கூடைக்காரிகளிடம் அடிமாட்டு விலைக்குப் போனது. அத்தை கோவிந்தம்மா போட்ட கூச்சலில் ஏரி நாரையெல்லாம் ஆந்திராப் பக்கம் பறந்திருக்கும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல வலையை உதறிக்கொண்டு நின்றார். பேர் உதயகுமார்; உதிப்பதென்னவோ எல்லாரும் வந்த பிறகுதான்.

மத்தியானம் பழவேற்காடு டவுனில் ஸ்பானிஷ் வகுப்பு. டீச்சர் ஜஸீலா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஸ்பெயினில் படித்துவிட்டு வந்து, வீட்டு மாடியில் பாடம் நடத்துகிறாள். அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை டீச்சர் என்கிறேன். நேரில் போவது நான் மட்டும்தான். மற்றவர்கள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று அவள் லேப்டாப்புக்குள் இருக்கிறார்கள்.

இன்று ஆளுக்கொரு பட்டாளச் சொல் கொடுத்தாள். அதன் நேர்ப்பொருள் என்ன, பேச்சில் வேறு எங்கெல்லாம் அதைச் சொல்வார்கள் என்று தேடி, அடுத்த மாதக் கடைசியில் பத்து நிமிடம் பேச வேண்டும். நவம்பரில் வருகிற ஸ்பானிஷ் தேர்வுக்கு இது பயிற்சியாம். கோயம்புத்தூர்ப் பையனுக்கு ‘வாங்குவார்தியா’. படையில் முன்னால் போகிறவர்கள். எனக்கு ‘ரெத்தகுவார்தியா’. படையின் பின்னால் காவலாக வருகிறவர்கள்.

எனக்கென்று தேடிப் பிடித்துக் கொடுத்தாளா? கரையிலும் கடைசி, வகுப்பிலும் கடைசியா?

ஜூலை 7

அடுப்படியில் “ரெத்தகுவார்தியா” என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை பதறிக்கொண்டு ஓடி வந்தார். “எங்கடி ரெத்தம்? கையக் கிழிச்சிக்கினியா?”

ஜூலை 10

மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஸ்பெயினுக்குப் போகிற கணவாய்க்கு ஜனவரியிலிருந்து தனி ஆள் போடப் போகிறார்கள். எந்தக் கரையில் எவ்வளவு எடுப்பது, வண்டி எப்போது கிளம்புவது, அங்கே இருக்கிற வியாபாரியிடம் பேசுவது, எல்லாம் அந்த ஆள் பொறுப்பு. “நவம்பர்ல சர்ட்டிஃபிகேட் வாங்கிடுங்க அனிதா, சீட் உங்களுதுதான். இல்லனா மெட்ராஸ்லருந்து ஆள் எடுத்துடுவாங்க” என்றார்.

கணவாய் கழுவுகிற கொட்டகையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேர்ந்தவள் நான். தரம் பிரிக்கிற மேசைக்கு வந்தேன். இப்போது ஆபீஸில் பில் போடுகிறேன். அந்த நாற்காலிக்கு வேறு யாராவது வந்து உட்கார, நான் அவளுக்கு டீ சொல்லிவிட வேண்டுமா? நடக்காது.

ஸ்பானிஷ் எதற்குப் படிக்க ஆரம்பித்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒருமுறை அந்த ஊர் வியாபாரி வந்து, நான் மேசையில் வேலை செய்வதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னைத்தான் கேலி செய்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மொழியைக் கற்றுக்கொண்டு இவனுக்கே திருப்பிக் கொடுக்காவிட்டால் நான் அனிதா இல்லை என்று இறங்கிவிட்டேன். ஒரு வருடம் படித்த பிறகு அந்தச் சொற்கள் நினைவுக்கு வந்து பொருள் புரிந்தது. “இதைப் பார்த்தால் பசிக்கிறது” என்றிருக்கிறான். அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

பேச்சுக்கு முன்னால் கட்டுரை ஒன்று எழுதிக் காட்டச் சொன்னாள் டீச்சர். ஸ்பானிஷில் யோசித்தால் கை நகரவில்லை. முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் குப்பத்துப் படகுகள் ஏரியிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகின்றன. போவது சுலபம், திரும்பி வருவதுதான் கண்டம். மணல் மேடு இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும், நாளைக்கு வேறிடத்தில். அதன்மேல் அலை உடையும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் ஒரு படகு எல்லாருக்கும் பிந்தி வந்து அங்கே கவிழ்ந்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு குப்பம் கூடிப் பேசி வைத்ததுதான் கடைமுறை. தினமும் ஒரு படகு, முறை வைத்து, முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும். குப்பத்துப் படகெல்லாம் உள்ளே போன பிறகுதான் அது வரும். பதிலுக்கு ஒவ்வொரு படகும் கறிக்கு ஒரு கை மீன் கொடுக்கும்.

ஒரு கை மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டி போய்விட்டால் பிடித்த மீன் அத்தனையும் வீண். முறை வருகிற நாளில் எந்த வீட்டிலும் பெண்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதில் இவர் அடுத்தவன் முறையையும் வாங்கிக்கொள்வார். “அவனுக்குக் காய்ச்சலாம்”, “அவன் பொண்ணுக்குச் சடங்காம்”. முகத்துவாரத்தில் இவர் அளவுக்கு நெளிவு சுளிவு தெரிந்தவர் இல்லை என்று எல்லாரும் ஏற்றிவிடுகிறார்கள். இவரும் உச்சி குளிர்ந்துபோகிறார்.

சரி, திட்டுவதை விட்டுவிட்டுக் கட்டுரை எழுத வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கட்டுரை முழுக்கச் சிவப்பு.

இலக்கணத்துக்கு இல்லை. இலக்கணம் சுத்தம், அதை அவளே சொன்னாள். “படையை நடத்துகிற தலைவன் ரெத்தகுவார்தியாவில்தான் இருப்பான். ஏனென்றால் நடத்துகிறவனுக்குப் பின்னால்தான் இடம்” என்று எழுதியிருந்தேன். அதன்மேல் பெரிய கோடு போட்டுவிட்டாள்.

“அக்கா, இது எங்கருந்து எடுத்தீங்க?”

“எங்கருந்து எடுக்கறது? அதான் தெரிஞ்ச விஷயமாச்சே. படகுல சுக்கான் எங்க இருக்கு? பின்னாடி. அதப் புடிக்கிறவன்தான் தலைவன். முன்னாடி நிக்கிறவன் வலை இழுக்கற ஆளு.”

“படை படகு இல்லக்கா. தளபதி அங்க நிக்கமாட்டாரு. பிந்திப்போனவங்களக்கூட ‘ரெத்தகுவார்தியாவுல இருக்காங்க’னு சொல்லுவாங்க. பரீட்சையில நீங்க இத எழுதினா சிரிப்பாங்க.”

சிரிப்பாங்க என்று சொன்னாளே, அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. “உங்க வீட்ல யாரும் படகுல ஏறினதில்லயா டீச்சர்?” என்று கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. “எங்க தாத்தா காலத்துல கப்பலே இருந்துச்சுக்கா” என்றாள். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ஜூலை 21

முன்னால் உட்கார்ந்து யாராவது படகு ஓட்டுவானா? அந்த ஸ்பெயின்காரன் கடலே பார்த்ததில்லையா?

ஜூலை 27, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். ‘சரி அக்கா’ என்று மட்டும் பதில் வந்தது.

ஜூலை 30

குப்பத்தில் கூட்டம். தனக்கோடி எழுந்து நின்று கடைமுறையை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவருக்குப் பங்காளி முறைத் தம்பி. பெரிய இன்ஜின் வைத்திருக்கிறான். எப்போதும் முதலில் வருகிற படகு அவனுடையது. “எல்லார் கையிலயும் போன் இருக்கு, இன்னும் இன்னாத்துக்குக் காவல்? முறை வர்ற அன்னிக்கு எங்க மீனு நாறிப்போவுது” என்றானாம். பாதிப் பேர் தலையாட்டியிருக்கிறார்கள். பொங்கல் வரைக்கும் நடக்கட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று முடிவு.

இவர் வந்து இதைச் சொன்னபோது நான், “அவன் சொல்றதுல இன்னா தப்பு?” என்று கேட்டுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய்ப் படகில் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜஸீலா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்! ஷேர் ஆட்டோவில் வந்து, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். அத்தைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நண்டு ஆய்ந்துகொண்டிருந்த கையோடு, “வாம்மா, வாம்மா, இன்னா சாப்பிட்ற” என்றார்.

“பாதி நீங்க சொன்னது சரிக்கா” என்று ஆரம்பித்தாள். “தளபதி அங்க நிக்கமாட்டாரு, அது நான் சொன்னதுதான் சரி. ஆனா படை பின்வாங்கி வர்றப்ப கதையே வேற. துரத்திட்டு வர்றவன் முதல்ல கடிக்கிறது பின்னால வர்றவங்களத்தான். அதுக்கே தனியா ஒரு வழக்கு இருக்கு, ‘பிக்கார் லா ரெத்தகுவார்தியா’. அதனால அந்த இடத்துக்குக் கையில இருக்கறதுலயே கெட்டியான ஆளத்தான் போடுவாங்க. எல்லாரும் தப்பிச்சுப் போன பின்னாடிதான் அவங்க போகணும்.”

பின்கட்டில் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். எல்லாரும் போன பின்னாடிதான்.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பெரிய பெரிய படைகள் வைத்திருந்தவர்கள் அதற்கென்று பேர் வைத்து, கெட்டியான ஆளைத் தேடிப் பிடித்து நிற்க வைத்திருக்கிறார்கள். இங்கே நான் அதே வேலையைச் செய்கிற மனிதரைப் பார்த்து வண்டி போய்விட்டது என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அவரிடம் போய்ச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

டீச்சருக்கு நண்டுக் குழம்பு கட்டிக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 4

சாப்பிடும்போது சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ ஸ்பெயின்லயும் வண்டி போய்டுமா?” என்றார். பேசிவிட்டார்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல் நீண்டுகொண்டே போகிறது. இன்றைக்குக் கிடைத்தவை:

யுத்தம் நடக்கிற காலத்தில் சண்டை இல்லாத ஊர்ப்பக்கத்துக்கும் இதே பேர். சமையல், விதைப்பு, துணி தைப்பது, காயம்பட்டவனைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் நடக்கிற இடம். அது விழுந்தால் முன்னால் நிற்கிறவனுக்குச் சோறு கிடையாது. பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். அத்தையிடம் சொன்னேன். “அப்பிடினா நானும் பட்டாளமாடி?” என்று கேட்டு, கொண்டையை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

கால்பந்தில் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்களையும் அப்படிச் சொல்வார்கள். இது இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சின்ன வயதில் பொன்னேரி மைதானத்தில் அந்த இடத்தில்தான் ஆடினாராம். எத்தனை முறை சொல்லியிருப்பார், இன்றுதான் காதில் வாங்கினேன்.

இன்னொன்று உண்டு. ஜஸீலா அதைச் சொல்லாமல் நெளிந்தாள். “சும்மா சொல்லுங்க டீச்சர்” என்றேன். நாற்காலியைக் காட்டினாள். புரியவில்லை. தன் உடம்பில் நாற்காலியில் உட்காருகிற பாகத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கீழேயிருந்து அவள் அம்மா ரோஷன் பீவி, “மேல பாடம் நடக்குதா, இன்னா நடக்குது?” என்று குரல் கொடுத்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பேசிவிட்டேன். பத்து நிமிடம் என்றார்கள், நான் நிறுத்தவே இல்லை. முதலில் நேர்ப்பொருள், பிறகு பின்வாங்கும் படை, பிறகு ஊர்ப்பக்கம், கால்பந்து. (நாற்காலியை விட்டுவிட்டேன்.) கடைசியில் கடைமுறை. எங்கள் முகத்துவாரத்தை ஸ்பானிஷில் கொண்டுவந்து நிறுத்தினேன்! ‘பிந்திப்போனவன் வேறு, முறை வைத்துக் கடைசியில் வருகிறவன் வேறு’ என்று முடித்தேன். கோயம்புத்தூர்ப் பையன் கை தட்டினான். அவன் வாங்குவார்தியா பாவம், நாலு நிமிடத்தில் தீர்ந்துபோனது.

தனக்கோடிக்கு அந்தப் பேரையே வைத்துவிட்டேன். கரையில் அவன் படகு முதலாவதாக வரும்போதெல்லாம் “வாங்குவார்தியா வந்தாச்சு” என்பேன். அவனும் ஏதோ பட்டம் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறான்.

செப்டம்பர் 18

மூன்றாவது முறையாக மாதிரித் தேர்வில் கேட்கிற பகுதியில் கோட்டைவிட்டேன். இவ்வளவு வேகமாகப் பேசிவிட்டு அவர்கள் எங்கே ஓடுகிறார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு

மாதிரித் தேர்வில் கேட்கிற பகுதியில் தேறிவிட்டேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். பக்கத்தில் நின்ற அம்மா நான் பாட்டு கேட்கிறேன் என்று நினைத்து, “சத்தமா வையேன், நானும் கேக்கறேன்” என்றார். வைத்தேன். ஸ்பெயினில் காய்கறி விலை ஏறிய செய்தியை இரண்டு பேரும் மீஞ்சூர் வரைக்கும் கேட்டோம்.

நவம்பர் 7, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. எழுத்து நேற்றே முடிந்தது, நன்றாகவே செய்தேன். நாளைக்கு வாய்மொழி.

மழை பெய்து ஏரியில் தண்ணீர் கூடியிருக்கிறது. வாடைக் காற்று. முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிவிட்டது என்கிறார்கள். நாளைக்கு யார் முறை என்று கேட்டேன். தனக்கோடி முறை. “நீ வாங்கிக்காத, இன்னா? கும்பிட்டுக் கேக்கறேன்” என்றேன். “அவனே நிக்கட்டும். நா சீக்கிரம் வந்துட்றேன், நீ நிம்மதியாப் போய் எழுது” என்றார். எழுதுகிற தேர்வு முடிந்துவிட்டது, இது பேசுகிற தேர்வு என்று எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது.

நிம்மதி.

நவம்பர் 8, சனி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில். தேர்வு நடக்கிற இடத்தில் போனை அணைத்து வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே குளிர் அடித்தது. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு அம்மா, ஒரு ஆள். ஒரு படம் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். மலைப்பாதையில் ஒரு குடும்பம் வரிசையாக ஏறுகிறது, கடைசியில் ஒரு பெண், அவள் மட்டும் திரும்பிப் பின்னால் பார்க்கிறாள்.

எனக்கு உள்ளுக்குள் விசில் அடித்தது. முதலில் படத்தில் இருப்பதைச் சொன்னேன். அந்த அம்மா கேட்டார்: “இவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள்? களைத்துவிட்டாளா?”

“இல்லை. இவள்தான் ரெத்தகுவார்தியா” என்றேன்.

அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். எங்கள் குப்பம், எங்கள் முகத்துவாரம், கடைமுறை. என் புருஷன் வெளியே நின்றால் ஒரு படகுக்கும் ஒன்றும் ஆகாது, அந்தத் தண்ணீர் அவருக்கு வீட்டு வாசல் மாதிரி என்று என்னென்னவோ அளந்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “உங்கள் கணவரைப் பற்றி உங்களுக்கு மிகவும் பெருமை போலிருக்கிறது” என்றார். “ரொம்ப” என்றேன். தலை கனத்துத்தான் வெளியே வந்தேன்.

போனைப் போட்டால் அத்தையிடமிருந்து தவறிய அழைப்புகளாக வந்து விழுந்தன. மகள் அர்ச்சனா ஹாஸ்டலிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள்: ‘நைனா நல்லாருக்காரு. பயப்படாத. போன் பண்ணு.’

நல்லாருக்காருனு எதுக்குச் சொல்றா? யாருடி கேட்டா உன்ன? அந்த இடத்துலயே உக்காந்துட்டேன். வாட்ச்மேன் தண்ணி குடுத்தாரு. அத்தைக்குப் போட்டா எடுக்கல. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசில எடுத்து, “கவுந்துட்டான்டி, தூக்கிட்டாங்க, உசுரு இருக்கு, பொன்னேரி ஆஸ்பத்திரில இருக்கோம், நீ பாத்து வா” என்றார்.

ரயில் ஊர்ந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. அனுப்பம்பட்டில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். பார்த்ததும் அழுகையும் வந்தது, அறையவும் கை வந்தது. சீக்கிரம் வருகிறேன் என்று சொன்னாரே, அதற்காகவே அவசரமாக உள்ளே திரும்பியிருக்கிறார். மணல் நேற்று இருந்த இடத்தில் இல்லை. அலை பின்னாலிருந்து தூக்கி அடித்துப் படகைக் குப்புறத் தள்ளிவிட்டது. இவரும் கூட இருந்த இரண்டு பேரும் தண்ணீரில். வெளியே கடைமுறைக்கு நின்ற தனக்கோடி பார்த்துவிட்டு, அந்த அலைக்குப் பின்னாலேயே இறங்கி வந்து கயிறு வீசி மூன்று பேரையும் இழுத்துப் போட்டிருக்கிறான். அதோடு நிற்கவில்லை. இவர்களைக் கரையில் விட்டுவிட்டு மறுபடி வெளியே போய், மிச்சப் படகுகள் வருகிறவரைக்கும் நின்றிருக்கிறான்.

எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டேன். அத்தை சொன்னார். எனக்கு முகம் செத்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் நான் ஏசியில் உட்கார்ந்து இவரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். இவரோ இன்னொருவன் வீசிய கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “அப்போ இன்னா, மார்க்கு கொறச்சிடுவாங்களா?” என்றார்.

நவம்பர் 10

வீட்டுக்கு வந்துவிட்டோம். கவிழ்ந்த படகையும் குப்பத்து ஆட்கள் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். தனக்கோடி வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். என்ன சொல்லி நன்றி சொல்வது? அன்றைக்கு அவன் மீன் என்ன ஆனது என்று கேட்டேன். வண்டி போய்விட்டது, மழையில் கூடைக்காரிகளும் போய்விட்டார்கள், பாதியைக் கருவாட்டுக்குப் போட்டானாம்.

“பெரிய மனுசன்னு நெனச்சிக்காத அண்ணி” என்றான். “வண்டி போய்டுமேனு வாய்க்கு வந்தபடி திட்டிக்கினேதான் நின்னேன். இந்த முறைய வெச்சவன் மட்டும் கையில கெடச்சா அவன மிதிச்சிருப்பேன்.”

“திட்டினே, ஆனா நின்னே இல்ல?”

“முறையாச்சே. நிக்காம?”

இரண்டு மாதம் தேடிப் பத்து நிமிடம் பேசினேனே, இந்த எடுத்துக்காட்டு ஒரு புத்தகத்திலும் இல்லை. பிடித்துப்போய் நிற்கிறவன் நின்றால் அதில் என்ன இருக்கிறது? திட்டிக்கொண்டே நிற்கிறான் பார், அவன்தான் ரெத்தகுவார்தியா. எங்கள் குப்பத்து ஆள் அவன்.

இனிமேல் அவனை வாங்குவார்தியா என்று கூப்பிடக் கூடாது.

டிசம்பர் 14, ஞாயிறு

தேறிவிட்டேன்! வாய்மொழியில்தான் அதிக மார்க்! ஜஸீலா போனில் கத்தியதில் காது அடைத்துவிட்டது. ரோஷன் பீவி பிரியாணி கொடுத்து அனுப்பினார். அத்தை தெருவெல்லாம் போய், “எங்க மருமவ வெள்ளக்காரன் பாஷையில பாஸாய்ட்டா, ரெத்தம்னு ஒரு பாடம், அதுல ஃபர்ஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு வந்தார். திருத்தவில்லை. அவர் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு எதைத் திருத்துவது?

டிசம்பர் 30

நாற்காலி எனக்குத்தான். ஒன்றாம் தேதியிலிருந்து.

மேனேஜரிடம் முதல் நாளைக்கு முன்பே ஒரு காரியம் கேட்டேன். எங்கள் கரையில் ஐஸ் வண்டி கடைசிப் படகு வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். “யார் படகு கடைசி? உங்க வீட்டுக்காரர்துதான?” என்று ஒரு பார்வை பார்த்தார். “இன்னிக்கு அவரு, நாளைக்கு வேற ஒருத்தரு. முறை சார், சுத்தி வரும்” என்றேன். எல்லாருக்கும் பிந்தி வருகிற மீன்தான் கரையில் காத்துக் கிடக்காமல் நேராக ஐஸில் ஏறுகிறது, அதை விட்டுவிட்டு வருவது நமக்குத்தான் நட்டம் என்றும் எடுத்துச் சொன்னேன். ஸ்பெயின் வியாபாரியிடமும் நானே பேசினேன். பசிக்கிறது என்று சிரித்தானே, அதே ஆள்தான். ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்றார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து குப்பம் கூடியது. கடைமுறையை எடுக்கிற பேச்சு வந்தது. இவர் வாயே திறக்கவில்லையாம். தனக்கோடிதான் எழுந்து, “இருக்கட்டும். இப்பதான் வண்டி நிக்குதே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜனவரி 22, வியாழன்

இன்றைக்குத் தனக்கோடி முறை. நான் கரையில் வண்டிப் பக்கத்தில் இருந்தேன். எல்லாப் படகும் வந்துவிட்டது. எங்கள் படகும் வந்து, அத்தை ஏலத்தை முடித்து, தலையில் சும்மாட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். முன்பெல்லாம் இந்நேரம் வீட்டுக்குப் போய்விடுவார்.

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். “அக்கா, எல்லாந்தான் வந்துடுச்சே, இன்னும் யாருக்கு?”

“இன்னும் ஒரு படகு வரணும்.”

அந்த நேரம் பார்த்து ஸ்பெயினிலிருந்து அந்த வியாபாரியின் போன். வண்டி கிளம்பிவிட்டதா, என்ன தாமதம் என்று கேட்டார். முகத்துவாரத்தில் தனக்கோடி படகு சின்னதாகத் தெரிந்தது, அலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. “ரெத்தகுவார்தியா இன்னும் உள்ளே வரவில்லை, காத்திருக்கிறோம்” என்றேன் அவர் மொழியில். “சரி, வரட்டும்” என்றார்.

வந்தான். தூரத்திலிருந்தே, “வண்டி நிக்குதா அண்ணி?” என்று கத்தினான். நிற்கிறது என்று இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை ஆட்டினார். நாள் முழுக்க வெளியே நின்றதில் அவனுக்கு ஒரு கூடை கணவாய்தான் கிடைத்திருந்தது. அதைத் தரம் பார்த்து, எடை போட்டு, ஐஸ் நிரப்பி ஏற்றிய பிறகுதான் டிரைவரைக் கதவைச் சாத்தச் சொன்னேன்.